களத்துமேட்டு நிழல்

கட்டாத கட்டடத்தின் நிழல் செண்பகா நகரில் முதன்முதலாக விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்து, தண்ணீர் மோட்டார்கள் ஓடி ஓய்ந்து, பள்ளிக்கூட வேன் முதல் தெருவில் ஆரன் அடித்துக்கொண்டு நின்ற நேரத்தில். அது கிழக்கே களத்துமேட்டுப் புறம்போக்கின் கருவேலம் புதர்களுக்கு நடுவிலிருந்து கிளம்பி, தெருவைக் கடந்து, எதிர்ச் சாரி வீடுகளின் கேட்டுகளில் ஏறி, சுவர்களில் ஏறி, ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து, ஐந்து மாடி உயரத்துக்கு நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தது. களத்துமேட்டில் கட்டடம் எதுவும் இல்லை. இரண்டு ஆடுகளும், யாரோ கொட்டிவிட்டுப் போன உடைந்த டைல்ஸ் குவியலும், பையன்கள் ஸ்டம்புக்காக நட்ட ஒரு இரும்புக் கம்பியும்தான் இருந்தன. வேன் டிரைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லயே, இன்னிக்கு வெக்க கம்மி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

தையல்நாயகி அப்போது வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. செண்பகா நகர் நலச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். கொதிக்கிற டம்ளரை வெறுங்கையால் பிடித்திருந்தாள். அவளுக்குச் சுடுவதில்லை. மகள் வீட்டைவிட்டுப் போன நாளிலிருந்து சூடு, குளிர், உப்பு, உறைப்பு எதுவும் அவள்வரை வந்து சேர்வதில்லை, வருகிற வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டுவிடுகின்றன. வாசலில் விழுந்த நிழலைப் பார்த்ததும் அது எந்தக் கட்டடத்தின் நிழல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதை எழுதியவளே அவள்தான்.

வாய்க்கால் கரையில், பைபாஸ் பாலத்துக்கு அடியில் குடிசை போட்டிருப்பவர்களை அங்கிருந்து கிளப்பி, அவர்களுக்குக் களத்துமேட்டில் ஐந்து மாடிக்கு அடுக்குமாடி கட்டி, குடும்பத்துக்கு ஒரு வீடு மலிவு விலையில் கொடுப்பது என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அதற்கு, களம் என்று பதிவாகியிருக்கிற நிலத்தைக் குடியிருப்பு நிலமாக வகை மாற்ற வேண்டும். ஆட்சேபணை இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று பேப்பரில் போட்டதுதான் தாமதம், குடிதண்ணீர் பிரச்சினைக்குக்கூடத் தலைகாட்டாதவர்களெல்லாம் சங்கத்து அறைக்கு வந்து இடம் போதாமல் நின்றார்கள்.

"நமக்கு அவங்க மேல ஒரு கோபமும் கிடையாது. அவங்களும் மனுஷங்கதான்," என்று ஆரம்பித்தார் சங்கத் தலைவர் சௌரிராஜன், ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். "ஆனா..."

"ஆனா," என்றது அறை முழுவதும்.

அந்த 'ஆனா'வை ஆளாளுக்கு வாயில் போட்டுக் குதப்பினார்களே தவிர, ஒருவரும் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் படித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் மனிதநேயம் பற்றி வீடியோ அனுப்புகிறவர்கள். கடைசியில் சௌரிராஜன் தையல்நாயகி பக்கம் திரும்பினார்.

"ஆனாவுக்கு அப்பறம் இருக்கறத மனுவுல எழுத முடியாது மேடம். நீங்கதான் கௌரவமா ஒரு காரணம் கண்டுபிடிக்கணும்."

தையல்நாயகி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெயில்," என்றாள். "நம்ம வெயில மறைக்கும்னு போடலாம்."

திருச்சியில், பங்குனி மாதத்தில், தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "வெயில் நம்ம உரிமை," என்றுகூட ஒருவர் சொன்னார். அவள் தன் பழைய பத்திரத் தமிழில் எழுதினாள்: மேற்படி இடத்தில் உத்தேசிக்கப்பட்டுள்ள ஐந்து மாடிக் கட்டடத்தின் நிழலானது நாள்தோறும் எங்கள் இல்லங்களின் மீது விழுந்து, எங்களுக்கு உரிய சூரிய ஒளியை மறைக்கும். எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பதிவு அலுவலகத்தில் அவள் எழுதிக் கொடுத்தது எதுவும் நடைமுறைக்கு வராமல் போனதில்லை.

அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பெங்களூரில் கம்பெனி வேலை என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிற மகள் பூங்கோதை, பெங்களூரில் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆரோக்கியராஜைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே வாய்க்கால் கரையில், பாலத்துக்கு அடியில் நான்காவதோ ஐந்தாவதோ குடிசையில் இருந்தாள். இது தெரிந்துதான் தையல்நாயகி மனுவை எழுதினாள். எழுதும்போது ஒரு அடித்தல்கூட விழவில்லை. விழுந்திருக்கலாம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நிழல் வந்தபோது செண்பகா நகர் அதை முதலில் சாட்சியாக எடுத்துக்கொண்டது. கட்டுவதற்கு முன்னாலேயே இப்படி மறைக்கிறதென்றால் கட்டினால் என்ன கதி என்று போட்டோ எடுத்து நகரமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 'கிடைக்கப்பெற்றது' என்று பதில் வந்தது. அடுத்த வீட்டுக் கஸ்தூரி, "அக்கா, வத்தல் பிழிஞ்சது பிழிஞ்சபடியே ஈரமா கெடக்கு, பூஞ்சை பிடிச்சிரும் போல" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருந்தவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு சங்கத்தில் வந்து முறையிட்டார்கள். ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது போகும் என்று மட்டும் கேட்டார்கள்.

பிறகு சித்திரை பிறந்து, கத்திரி வெயில் தொடங்கி, தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் நாட்கள் வந்தன. முதலில் புரிந்துகொண்டவை தெருநாய்கள். அவை ஊரெல்லாம் இருந்து வந்து நிழலில் வரிசையாகப் படுத்தன. நாய்களைத் தொடர்ந்து நுங்கு விற்கிறவர் வந்தார், இஸ்திரி வண்டிக்காரர் வந்தார், அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வெளியே வந்தது. காலையில் நிழல் மேற்கே முதல் தெருவில் விழும், உச்சிப்பொழுதில் தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு களத்துமேட்டுக்குள் போய்விடும், மூன்று மணிக்கு மேல் கிழக்கே இரண்டாம் தெருவில் விழும். அதனால் நகரின் கார்களெல்லாம் காலையில் முதல் தெருவுக்கும் மத்தியானம் இரண்டாம் தெருவுக்குமாக, மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிற மாடுகள் மாதிரி தினமும் போய்வந்தன. எந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு நிழல் என்பதில் அடிதடி வரை போய், சங்கத்தில் அதற்கென்றே ஒரு துணைக்குழு போட்டார்கள். வீட்டு புரோக்கர்கள் 'இயற்கை நிழலுடன்' என்று விளம்பரம் கொடுத்தார்கள். ஊரே வெந்துகொண்டிருந்தபோது செண்பகா நகரில் மட்டும் மக்கள் மாலையில் சால்வை தேடினார்கள் என்று பக்கத்து நகர்க்காரர்கள் வயிற்றெரிச்சலோடு சொன்னார்கள். சால்வை கொஞ்சம் அதிகம், மற்றபடி உண்மைதான்.

தையல்நாயகிக்கு வெயிலும் ஒன்றுதான், நிழலும் ஒன்றுதான். துணைக்குழு முடிவுகளை எழுதி வைத்தாள். மற்ற நேரத்தில் சும்மா இருந்தாள்.

அந்த வைகாசியில்தான் நிழலில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நிழலின் உச்சி, அதாவது கட்டாத கட்டடத்தின் மொட்டைமாடி, பின்வாங்கி வந்து சரியாக முதல் தெரு வீடுகளின் முன்சுவரில் நிற்கும். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு எல்லாம் மை தொட்டு வரைந்தது போல் தெரியும். ஒருநாள் கொடிக்கயிற்றில் துணி காய்ந்தது. மறுநாள் துணி காயப்போடுகிற பெண்கள் தெரிந்தார்கள். அதற்கு மறுநாள் தொட்டி மேல் உட்கார்ந்து ஒரு கிழவர் பீடி குடித்தார், அந்தப் புகையின் நிழல் சௌரிராஜன் வீட்டுச் சுவரில் ஏறிப் போனது.

கட்டடத்தின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், ஆட்களின் நிழல் விழுந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கூடை தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பவர்கள்கூடச் சுவரோரம் வந்ததும் சேலையை ஒதுக்கிப் பிடித்து ஓர் எட்டு தள்ளி வைத்தார்கள். பத்து மணிக்கு நிழலின் உச்சி களத்துமேட்டுப் பக்கம் நகர்ந்த பிறகு, வீட்டுக்கு வீடு ஒரு வாளித் தண்ணீர் கேட்டில் விழுகிற சத்தம் கேட்டது. சில வாளிகளில் மஞ்சள் கலந்திருந்தது. அவர்களுடைய தாத்தாக்கள் எந்த நிழல் மேலே பட்டால் எதற்காகக் குளித்தார்கள் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். "தூசி ரொம்ப அடையுது," என்றார் சௌரிராஜன், கேட்டைத் துடைத்துக்கொண்டே.

தையல்நாயகி வீட்டுச் சுவரில் வந்தவள் ஒரு பெண். வாளியை இறக்கி வைத்தாள், புடவையைப் பிழிந்தாள், ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு புடவையின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, மறுமுனையைக் காற்றில் நீட்டிப் பிடித்தாள். நீட்டிப் பிடித்தபடியே காத்திருந்தாள். யாரும் வராமல் போகவே, தானே எப்படியோ உதறிக் கொடியில் போட்டாள். அவள் வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

தையல்நாயகி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் வீட்டில் ஈரப்புடவையை ஒரு ஆள் உதறுவதில்லை. ஒருமுனை அம்மா, மறுமுனை மகள், எதிரும் புதிருமாக நின்று, சொல்லி வைத்தது போல் ஒரே சமயத்தில் ஓங்கி உதறினால் சுருக்கம் அத்தனையும் ஓடிப்போகும், இஸ்திரி வேண்டாம். பூங்கோதைக்கு நடை பழகியதும் முதலில் பழகிய வேலை அதுதான். உதறும்போது தெறிக்கிற தண்ணீருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். உலகத்தில் வேறு யாரும் புடவையின் மறுமுனையை அப்படி வெறுங்காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

அடுத்த நாள் தையல்நாயகி வாய்க்கால் கரைக்குப் போனாள். செண்பகா நகரிலிருந்து நடக்கிற தூரம்தான். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட அவள் ஏறியதில்லை. பாலத்தின் அகலமான நிழல் குடிசைகள் மேல் காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் கிடந்தது. எல்லாத் துணியிலும் ஈரவாடை அடித்தது. பூங்கோதை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, வயிறு அப்படி.

"வாங்கத்தை," என்று ஆரோக்கியராஜ் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, துண்டால் துடைத்துவிட்டு, வண்டியைப் பார்க்கப் போகிறவன் போல விலகிப் போனான்.

"எத்தன மாசம்?" என்றாள் தையல்நாயகி.

"ஏழு." பூங்கோதை கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "காபி போடவாம்மா?"

"வேண்டாம்."

மேலே லாரி போனது, பாலம் அதிர்ந்தது. 

"துணிதான் காய மாட்டேங்குது," என்றாள் பூங்கோதை, பக்கத்து வீட்டாரிடம் பேசுகிற மாதிரி. "பொறந்த கொழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தன துணி மாத்தணும், எங்க காயவெக்கிறதுன்னு தெரியல. களத்துமேட்டுல வீடு குடுத்தா மொட்டமாடி இருக்கும்ல? அது இல்லாட்டி எங்கயோ மலையடிவாரத்துல கொண்டுபோய் விட்ருவாங்களாம். இவருக்கு சவாரி எல்லாம் இங்கதான். ஆஸ்பத்திரியும் இங்கதான்."

"ம்."

"ஆட்சேபண போட்ருக்காங்களாம். வார்டு ஆபீஸ்ல ஒட்டியிருந்துச்சு, போய்ப் பாத்தேன்." கீரைக் காம்பை ஒடித்தாள். "நாள்தோறும்னு எழுதியிருந்துச்சு. ஒன்னத் தவிர யாரும்மா அப்பிடி எழுதறா?"

தையல்நாயகி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அத எடுத்துரும்மா. வேற ஒண்ணும் கேக்கல ஒங்கிட்ட. வந்து போகச் சொல்லல, பேசச் சொல்லல. அத மட்டும் எடுத்துரு."

"பாக்கலாம்," என்றாள் தையல்நாயகி. அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே நாள்கணக்கில் நிற்பவர்களிடம் அவள் சொல்லிவந்த சொல் அது. வீட்டுக்கு நடந்து வரும்போது, இப்போது அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகைக்காகக் காத்துக்கொண்டே நடந்தாள். வீடு வந்துவிட்டது.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் வாசலில் இறங்கி நின்றாள். நிழலின் உச்சி சுவரில் வந்து நின்றது, கொடிக்கயிறு தெரிந்தது, வயிற்றைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். சுவருக்கும் தெருவுக்கும் நடுவில், வெயில் படுகிற ஒரு சாண் இடத்தில் சரியாகக் கால் வைத்து நின்றால் தன் நிழல் சுவரில் எங்கே விழும் என்று தையல்நாயகி பார்த்தாள். அது மொட்டைமாடியின் மேல், கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில், மகளுக்கு எதிரே போய் நின்றது. மகள் புடவையின் மறுமுனையை நீட்டினாள். தையல்நாயகி வெறும் கையை உயர்த்தினாள். சுவரில் அவள் நிழல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு நிழல்களும் ஒரே சமயத்தில் ஓங்கி உதறின. அவள் முகத்தில் தண்ணீர் தெறித்தது. உள்ளங்கையில் ஜில்லென்று ஈரம் தட்டுப்பட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒன்று அவள்வரை வந்து சேர்ந்தது. அதன் பின் தினமும் அவள் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் நின்றாள், ஒரு புடவை, ஒரு லுங்கி, சில நாள் ஒரு போர்வை. தெருக்காரர்கள் செயலாளர் அம்மா நிழலை அளந்து பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மனுவை எடுத்துவிடலாம் என்று அவள் தினமும் நினைத்தாள். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பெங்களூர் இல்லை என்று சொல்ல வேண்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஆனி மாதத்தில், காலை வேளையில், முதல் தெருவிலேயே வைத்தார்கள், ஏனென்றால் சங்கத்து அறையைவிட நிழல் குளுமையாக இருந்தது. நகரமைப்பு அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, நிழலுக்குள் வந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மனுவைப் பிரித்தார்.

"நிழல் விழுந்து வெயில் மறைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. இதுதான் அந்த நிழலா?"

"இதேதான்," என்றார்கள்.

"இது ஒங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?"

நிழலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், மடியில் மோர் டம்ளரோடு, "ரொம்ப இடைஞ்சல்" என்றார்கள்.

"வேற காரணம் எதுவும் எழுதல. இது ஒண்ணுதான் இருக்கு. இடைஞ்சல் இல்லன்னு எழுதினவங்களே சொல்லிட்டா, நான் இன்னிக்கே வகை மாத்திக் குடுத்துருவேன், அடுத்த மாசம் அஸ்திவாரம் போட்ருவாங்க." அதிகாரி பேனாவைத் திறந்தார். "மனு எழுதினது யாரு? அவங்க எழுந்து சொல்லட்டும்."

தையல்நாயகி எழுந்து நின்றாள். மணி ஒன்பது. நிழலின் உச்சி அவள் வீட்டுச் சுவரில் வந்து நின்றது. சுவரில் பூங்கோதை புடவையின் முனையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க மேடம்," என்றார் சௌரிராஜன் மெதுவாக.

"அக்கா சும்மா தைரியமா சொல்லுங்க," என்றாள் கஸ்தூரி. "நாளைக்கு பெங்களூர்லேர்ந்து நம்ம கோதை கொழந்த குட்டியோட வந்தா, நிம்மதியா வாசல்ல விட வேணாமா? யார் யாரோ வந்து மேலேர்ந்து எட்டிப் பாத்துட்டிருந்தா?"

இடைஞ்சல் இல்லை. இரண்டே சொல். தையல்நாயகி அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் வாய் வெகுகாலமாக அவளைக் கேட்டுப் பேசுவதில்லை, அதற்குப் பழகின வழி ஒன்று இருந்தது, அதன்படியே போயிற்று.

"இடைஞ்சல்தான்," என்றாள்.

சுவரில் புடவையின் முனை கீழே விழுந்தது. மகள் குனிந்து அதை எடுக்கவில்லை. வயிற்றின் மேல் கைவைத்துக்கொண்டு, படிக்கட்டு இருக்கிற பக்கமாக மெதுவாக நடந்து போனாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது சௌரிராஜன் ஜீப் வரை கூடவே போய், தணிந்த குரலில் ஒன்று கேட்டார்: கட்டடம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை, ஆனால் நிழல் மட்டும் இருக்கும்படி ஏதாவது செய்ய முடியுமா? அதிகாரி ஆச்சரியப்படவில்லை. இந்தக் கோரிக்கை எல்லா நகரிலிருந்தும் வருவதுதான் என்றார். நிழலுக்கு வகை மாற்றம் தேவையில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படியே இருந்தது. ஆடிக் காற்று ஆரம்பித்தபோது பாலத்துக்கு அடியில் லாரிகள் வந்து நின்றன. பாத்திரம், கட்டில், ஆடு, தையல் மெஷின், மனுஷர்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போயின. தையல்நாயகி போய்ப் பார்க்கவில்லை. கஸ்தூரி பார்த்துவிட்டு வந்து சொன்னாள், ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக்கூட லாரியில் ஏற்றினார்கள், பாவம், ஏற முடியாமல் ஏறினாள், புருஷன் கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டான் என்று. "ம்" என்றாள் தையல்நாயகி. அன்றிலிருந்து நிழலின் உச்சியில் பீடிக் கிழவர் இல்லை, பெண்கள் இல்லை, துணி இல்லை. கைப்பிடிச் சுவரும் தொட்டியும் வெறும் கொடிக்கயிறும் இருந்தன. கேட்டில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்கள். சங்கத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். தையல்நாயகி தன் பங்கைச் சாப்பிட்டாள், இனித்ததா என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சுவரோரத்தில் அந்த ஒரு சாண் வெயில் மட்டும் ஒன்பது மணிக்கு அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஆவணியில் ஒருநாள், அந்தக் குழந்தை பிறந்திருக்க வேண்டிய கணக்கில், தையல்நாயகி வாசலில் இறங்கி அதில் போய் நின்றாள். அவள் நிழல் சுவரில், ஆளில்லாத மொட்டைமாடியில், கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் கையை நீட்டினாள். ஈரத்துக்காகக் காத்திருந்தாள். அவள் நிழலும் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படி நின்றாள். நாலாவது நாள் சௌரிராஜன் நடைப்பயிற்சி முடித்து வந்தவர், சுவரைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்றார். தன் செருப்புக் காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். சுவரை மட்டும்தான் பார்த்தார். பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

"மேடம், பாத்தீங்களா? மேல இன்னும் ஒருத்தி போகாம நிக்கிறா. கைய வேற நீட்டிக்கிட்டு." குரல் எரிச்சலில் உயர்ந்தது. "எவ்வளவு சொல்லியும் பாருங்க. ஒரு மனு எழுதிருங்க மேடம். இன்னிக்கே குடுத்துரலாம்."

பின்னால் கஸ்தூரி வீட்டுக் குழாயடியில் ஒரு வாளி நிறைகிற சத்தம் கேட்டது.

"எழுதிடறேன் சார்," என்றாள் தையல்நாயகி. கையை இறக்கவில்லை.